கை காட்டில், கண் கொட்டகையில்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டாய். நான் உன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். நீயும் விட்டுவிட்டாய். சுங்கைப் பட்டாணி பேக்டரியில் உன்னை சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள் என்று சிரித்த முகத்தோடு வந்தவன், சோற்றைப் பிசையும்போது முகம் வாடிவிட்டாய். "பொம்பளைங்கள வச்சு வேல வாங்குறது தாங்க முடியலம்மா" என்றாய். "எப்பப் பாத்தாலும் ஒருத்தி வேலிப் பக்கம் போயி நிக்கிறா. கேட்டா வீட்டுல புள்ளைக்குக் காய்ச்சலாம், பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லுவாளாம். இன்னொருத்தி மெசின் மேலயே மயங்கிச் சாஞ்சிட்டா. அடுத்த வாரம் திங்கக்கெழமையிலருந்து வேலிப் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு சொல்லப்போறேன். சப்பான்காரன் காலத்துல நீங்கல்லாம் எப்படிம்மா வேல செஞ்சீங்க? அப்ப யாராச்சும் மயக்கம் போட்டாங்களா?"

போட்டார்கள், தம்பி. மண்வெட்டியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே சரிந்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அந்தப் பேச்சு வந்தால் கேட்கிறவர்கள் அழுகிறார்கள், சொல்கிற எனக்குக் கண் கலங்குவதில்லை. அது அவர்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள் என்பதால் எனக்கு எழுத வரும். முகம் பார்த்துச் சொல்வதைவிட எழுதிவிடுவது எனக்குச் சுலபம். வருகிற திங்கட்கிழமைக்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நம் தோட்டம் செமிலிங் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு காரில் ஏறிப் போன பிறகு சில நாள் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அப்புறம் ஒரு சப்பான்காரன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ரப்பர் பால் வாங்க ஆளில்லை. ஒரு பக்கத்து ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னான். அரிசி கண்ணில் படுவது அரிதாகிவிட்டது. துணியும் இல்லை. கோணிப்பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு பெண்கள் வேலைக்குப் போனார்கள், நானும் போனேன். அதற்குப் பிறகுதான் சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும் என்று லாரி வந்தது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். உன் அப்பாவும் போனார். போகச் சொன்னார்கள், போனார். பெட்டியில் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். "இது நல்ல வேட்டி, அங்க எதுக்கு? மண்ணாயிடும், வச்சிரு" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். மற்றப் பெண்கள் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். நீ என் இடுப்பில் இருந்தாய். நான் ஓடவில்லை. "பாரு, கல்லு மாதிரி நிக்கிறா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். அன்றைக்கு என்னுள் ஏதோ மரத்துப்போனது. பல்லுக்கு ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும், கிள்ளினாலும் தெரியாதே, அப்படி.

சில மாதம் நானும் மரவள்ளிக் காட்டில்தான் வெட்டினேன். பிறகு காலில் புண் வந்து ஆறவே இல்லை, எலும்பு வரைக்கும் போய்விட்டது. நிற்க முடியாதவளை என்ன செய்வது என்று பார்த்து, பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாகப் போட்டார்கள். பெண்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப்போகும் இடம் அது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, வரிசையாகத் தூளி கட்டியிருக்கும். அந்த மேட்டிலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் மரவள்ளிக் காடு தெரியும். குனிந்து வெட்டுகிற பெண்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள். கூப்பிட்டால் கேட்காது. நடுவில் ஒரு பள்ளமும் ஓடையும் இருந்தன.

அங்கே என் வேலை கஞ்சி ஊற்றுவது, ஈ ஓட்டுவது, காய்ச்சல் பிள்ளைகளுக்கு ஈரத்துணி போடுவது. மருந்து கிடையாது. வயிறு வீங்கிய பிள்ளைகள், கால் சூம்பிய பிள்ளைகள். நீயும் அதில் ஒருவன். காட்டில் இருந்த தாய்மார்கள் பிள்ளையை நினைத்துத் தவித்தார்கள். நீ என் கண் முன்னாலேயே இருந்தாய், எனக்குத் தவிப்பு வரவில்லை. வரிசையில் உன் முறை வந்தபோது உனக்குக் கஞ்சி ஊற்றினேன். தூக்கிக் கொஞ்சியதாக நினைவில்லை.

காமாட்சி என்ற பெண்ணின் கைக்குழந்தை ஒரு நாள் காலையிலேயே இறந்துபோனது. சத்தம் இல்லாமல், தூங்குவது போல. காமாட்சிக்குச் சொல்லி அனுப்ப எனக்கு ஆள் இல்லை, புண் காலோடு பள்ளத்தில் இறங்கி ஏறவும் முடியாது. குழந்தையைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றினேன். சாயங்காலம் அவள் மரவள்ளி இலைக் கட்டோடு, பக்கத்தில் வருகிறவளோடு பேசிக்கொண்டே மேடேறி வந்தாள். வாசலில் வந்து என் முகத்தைப் பார்த்தாள். "எப்ப?" என்றாள். "காலையிலயே" என்றேன். அவள் அழுததைவிட, "நான் அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்? வெட்டிக்கிட்டுல்ல இருந்தேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டதுதான் மற்றப் பெண்களைப் பிடித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து காட்டில் வேலை கெட்டுப்போனது. கை மண்வெட்டியில், கண் கொட்டகையில். ஒருத்தி தன் கால் விரலையே வெட்டிக்கொண்டாள். இரண்டு பேர் ஒன்றும் இல்லாததற்கு முடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். நின்றுகொண்டே மயங்கி விழுந்தவர்களைப் பற்றி நீ கேட்டாயே, அவர்கள் விழுந்ததும் அப்போதுதான். அஞ்சலை என்ற பெண்ணுக்கு ஒரே ஒரு மகன், உன்னைவிடக் கொஞ்சம் சின்னவன். அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி ஓடி வருவாள். தூளியை விலக்கி மகன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பி ஓடுவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஓடி வர ஆரம்பித்தார்கள். வேலை வாங்குகிற மண்டோர் ராக்கன் அவர்களை அடித்தார். வேலை குறைந்ததற்காக ராக்கனைச் சப்பான்காரன் அடித்தான். அந்த அடி மறுபடியும் பெண்கள் மேல் இறங்கியது. ராக்கன் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் அவர் மூச்சு வாங்க மேடேறி வந்து என்னிடம் கத்தினார். "அவளுக வந்தா உள்ள விடாத தங்கச்சி. ஒவ்வொருத்தியா ஓடி வந்தா நான் யாரு கால்ல விழுறது?"

"விடலன்னா வெளிய நின்னு அழுவாளுக. அப்பவும் வேல நடக்காது" என்றேன்.

"பின்ன என்னதான் வேணுமாம் அவளுகளுக்கு?"

"புள்ள மூச்சு விடுதான்னு தெரியணும். வேற ஒண்ணும் வேணாம். அங்க இருந்தே தெரிஞ்சா ஏன்ணே ஓடி வரப்போறாளுக?"

"அங்க இருந்து எப்படித் தெரியும்?" என்றார். கொடியில் உன் கோணித்துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் தோன்றியது. அந்தப் பெண்கள் மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. அவர்கள் ஓடி வரும்போதெல்லாம் தூங்கும் பிள்ளைகள் எழுந்து அழுதன. எனக்குக் காது வலித்தது. நம் வீட்டுப் பெட்டியில் இருந்த அந்த வேட்டியை எடுத்து வந்தேன். ராக்கன் மூங்கில் வெட்டிக் கொண்டுவந்து நட்டார். வேட்டி மேலே பறந்தால் எல்லாப் பிள்ளையும் நலம். கீழே இறங்கினால் ஏதோ நடந்திருக்கிறது, வரலாம். அவ்வளவுதான் பேச்சு. உடுத்தத் துணியில்லாமல் கோணியைச் சுற்றிக்கொண்டு, நல்ல வேட்டியைக் கம்பில் கட்டுகிறாளே என்று லயத்தில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் யாரும் நம்பவில்லை. வேட்டி பறந்துகொண்டிருக்கும்போதே அஞ்சலை ஓடி வந்தாள், மகன் நெஞ்சில் கை வைத்தாள், போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் ஓடை வரைக்கும் வந்து, நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். பிறகு வரவில்லை. ஒரு பாத்தி வெட்டி முடித்து நிமிரும்போது ஒரு தடவை பார்ப்பார்கள், மறுபடியும் குனிவார்கள். சண்டை குறைந்தது. ராக்கன் கையில் இருந்த பிரம்பு இடுப்புக்குப் போனது. ஒரு நாள் எதிர்ச் சரிவிலிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் காற்றில் வந்தது. யார், எதற்கு என்று எனக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று மட்டும் நினைத்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. அஞ்சலை மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அன்று முற்பகலில் ஜன்னி கண்டு கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. கண் மேலே செருகிவிட்டது. இது நிற்காது என்று எனக்குத் தெரிந்தது. நான் கம்பத்தடிக்குப் போகிறேன், ராக்கன் வேர்த்துப்போய் மேடேறி வருகிறார். காட்டில் சப்பான் துரை வந்து நிற்பதாகவும், கொட்டகையில் பிள்ளைகளைச் சத்தம் இல்லாமல் வைத்திருக்கச் சொல்லவும் வந்திருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"எறக்காத" என்றார். "துரை அங்கயே நிக்கிறான். இன்னிக்கு ஒரு நாள் எறக்காத, தங்கச்சி. சாயந்தரம் வந்து பாத்துக்கட்டும்."

"அண்ணே, இன்னிக்கு எறக்கலன்னா நாளையிலருந்து இது வெறும் துணி" என்றேன்.

"அடி விழும். எனக்கும் விழும், ஒனக்கும் விழும்."

"விழும்ணே" என்றேன்.

அவர் நினைத்திருந்தால் என் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. நான் கயிற்றை அவிழ்த்து வேட்டியை இறக்கினேன். எதிர்ச் சரிவில் எல்லோரும் நிமிர்வது தெரிந்தது. எல்லோருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், ஆனால் ஓடியது அஞ்சலை மட்டும். மகனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்து வேலைக்கு வந்தவள் அல்லவா. எப்படி அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறினாள் என்று தெரியாது. வந்து மகனைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

துரையும் ஒரு சிப்பாயும் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியும் அவளுக்குப் பின்னாலேயே வந்தார்கள். துரை கம்பத்தைக் காட்டி, "இனி ஆப்பா?" என்றான். இது என்ன என்று மலாயில் கேட்டான். சப்பான்காரனை எதிர்த்துப் பெருங்காட்டில் ஒளிந்திருக்கிற ஆட்களுக்கு நாங்கள் சாடை காட்டுகிறோம் என்பது அவன் சந்தேகம். கிராணி அதைத் தமிழில் கேட்டார். பிள்ளைகளுக்காக என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. அறைந்தான். மூங்கிலைப் பிடுங்கச் சொல்லி, அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் முட்டி போட வைத்தான். அப்போது ராக்கன் பேசினார். "சொல்லுங்க கிராணி ஐயா. இத கட்டுன பொறவுதான் பொம்பளைங்க வேலய விட்டு ஓடுறதில்ல, கெழங்கு கூடுதலா வருது. நான்தான் மூங்கில் நட்டேன்னு சொல்லுங்க." கிராணி அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ராக்கன் வாயில் இடித்தான்.

துரை கொட்டகை வாசலுக்குப் போனான். உள்ளே அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. முட்டியில் கல் குத்தியது தெரிந்தது, வலித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அடுப்பில் வைத்த கஞ்சி அடிப்பிடிக்குமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர்கள் வேட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இனிக் கம்பம் நடக் கூடாது என்று உத்தரவு. நான் உள்ளே போனபோது அஞ்சலை மகன் போய்விட்டிருந்தான். கோணியில் சுற்றித்தான் புதைத்தோம்.

அஞ்சலை அதற்குப் பிறகு என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "அக்கா, கடசியா கண்ணு கீழ எறங்கிச்சு. என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போனான்" என்றாள். அவள் வேலைக்குத் திரும்பினாள். காமாட்சியால் அது முடியவில்லை. இரண்டு பேருக்கும் பிள்ளை போனது. என்ன வித்தியாசம் என்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் மேடு மொட்டையாக இருந்தது. பெண்கள் குனியாமல் நின்றார்கள். ராக்கன் வாய் வீங்கி, முன்பல் இரண்டும் போய், பேசவே முடியாமல் இருந்தார். பொழுது கொஞ்சம் ஏறியதும் அவர் பள்ளத்தில் இறங்கி வருவது தெரிந்தது. கொட்டகை வாசலில் நின்று, "ஒவ்வொண்ணும் எப்படி இருக்குன்னு சொல்லு" என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார். ஒவ்வொரு பாத்தியாக நின்று, அந்தந்தத் தாயின் பக்கத்தில் போய்ச் சொன்னாராம். "ஒம் புள்ள கஞ்சி குடிச்சிட்டான்." "ஒம் மகளுக்கு இன்னும் காய்ச்சல் விடல. ஆனா கண்ணத் தொறந்து பாத்தா." அன்றிலிருந்து தினமும் வந்தார், மழையிலும் வந்தார். மோசமாக இருந்தால் மோசம் என்றே சொன்னார், "நீ போ, ஒம் பாத்திய நான் பாத்துக்குறேன்" என்று அனுப்பினார். பெண்களை ஓடாமல் இருக்கச் சொல்லி அடித்த மனிதர், அவர்களுக்காகத் தானே நடந்தார். பசி மயக்கம் நிற்கவில்லை, தம்பி. அதற்குச் சோறு வேண்டும். மற்ற மயக்கம் நின்றுபோனது.

உன் பேக்டரியில் காற்றாடி இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது, யாரும் யாரையும் அடிப்பதில்லை. நல்லதுதான். ஆனால் வேலிப் பக்கம் நிற்கிற அந்தப் பெண் வேலைக்குக் கள்ளம் பண்ணிக்கொண்டு நிற்கவில்லை. அவளை அங்கே போகாதே என்றால் உடம்பு மெசினுக்கு வரும், மற்றது வேலியிலேயே நிற்கும். அப்புறம்தான் விரல் போகும், ஆள் சாயும். வேலியை அடைக்காதே. பக்கத்து வீட்டுக்காரி வந்தால் நீயே போய்க் கேட்டுக்கொண்டு வா, ஆபீஸ் போனில் முடியுமானால் நீயே கூப்பிட்டுக் கேள். கேட்டதை அவள் பக்கத்தில் போய்ச் சொல். நல்ல சேதியை மட்டும் சொல்லி, கெட்ட சேதியைச் சாயங்காலத்துக்கு என்று வைத்துவிடாதே. ஒரு தடவை அப்படிச் செய்தால் அப்புறம் நீ சொல்கிற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். மேலே இருக்கிறவர்கள் உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். உன்னைச் சூப்பர்வைசராகப் போட்டதே நடுவில் நிற்கத்தானே.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், மறுபடியும் பாலுக்கு மரம் சீவ ஆரம்பித்தோம். என் கால் புண்ணும் ஒருவழியாக ஆறியிருந்தது. உன் அப்பாவோடு சயாமுக்குப் போனவர்களில் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். என்னைக் கண்டால் வேறு பக்கம் நடந்தார். நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். என் மேல் எல்லோரும் அன்பாக இருந்தார்கள், யாராவது ஒருவர் வெல்லம் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் உளி மரத்தில் ஆழமாகப் போய்க் காயம் பண்ணியது. அடியில் வைத்த மங்குக் கிண்ணத்தில் பால் விழாமல் பட்டையில் வழிந்தது. கிராணி திட்டினார். எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. மரத்துப்போனவள் என்றுதான் என்னை நானே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை வேலை நடுவில் ராக்கன் நான் சீவும் மர வரிசைக்கு, என் நிரைக்கு வந்தார். "வாளிய எறக்கி வையி, தங்கச்சி" என்றார். வைத்தேன். "ஒம் புருசன் வரமாட்டாரு. சயாம்லயே காய்ச்சல்ல போயிட்டாரு. கூட இருந்தவன் சொல்றான். இங்க எல்லாருக்கும் தெரியும், ஒனக்குச் சொல்ல மனசு வராம வச்சிருக்கானுங்க. எனக்கே நேத்துதான் தெரியும்" என்றார். பிறகு என் கையிலிருந்து உளியை வாங்கிக்கொண்டார். "உக்காரு" என்றார். நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். என் நிரையில் மீதி இருந்த மரங்களை எல்லாம் அவர் ஒவ்வொன்றாகச் சீவி முடித்தார்.

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். அப்பா சயாமிலேயே செத்துப்போயிட்டாரு என்று, ராக்கன் எனக்குச் சொன்ன மாதிரியே. நீ, "சயாம்னா எங்கம்மா?" என்று கேட்டாய். வாசலுக்குக் கூட்டிவந்து ஜெராய் மலையைக் காட்டினேன். அதுக்கும் அந்தப் பக்கம், ரொம்பத் தூரம் என்றேன். நீ கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு அழுதாய். அப்பாவின் முகம்கூட உனக்கு நினைவிருக்காது, ஆனாலும் அப்படி அழுதாய். உன்னைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கும் வந்தது. லாரி போன நாளிலிருந்து வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் கேட்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதேன். அழுது முடித்த பிறகு எனக்குப் பசித்தது. இத்தனை வருசத்தில் அதுதான் முதல் பசி மாதிரி இருந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

உன் அம்மா